மே மாசத் தோட்டத்துக்கு மார்க் போட்ட பாவம்

"டிவியில உங்களைப் பார்த்தோம்ண்ணே, சூப்பர்!" என்று கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இதுவரை முப்பது போனாவது வந்திருக்கும். பாராட்டு எல்லாம் சரி. ஆனா அந்த நிகழ்ச்சியில நான் உட்கார்ந்த நாற்காலியைப் பத்தி எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு. அதை இங்கேதான் தீர்க்கணும். டிவியில பேச விட்டது மொத்தம் நாற்பது செகண்ட்.

முதல்ல விஷயம். ஒரு சேனல்காரங்க (பேர் வேண்டாம், அவங்க ஒருத்தர் மட்டும் இப்படி இல்லை) நீலகிரியில வீட்டுத் தோட்டப் போட்டி நடத்தினாங்க. தொழில்முறை ஆளுங்க கிடையாது, சாதாரண வீட்டுக்காரங்க. மூணு வீடு. மூணு நாள். "முன்பு, பின்பு" என்று காட்டணும். நடுவர் மூணு பேர்: சென்னையிலிருந்து ஒரு உள்அலங்கார நிபுணர், ஒரு சீரியல் நடிகை, அப்புறம் நான். எனக்குக் கீழே எழுத்தில் போட்டது "பைக்காரா விவசாயி". தலைப்பாகை கட்டிக்கச் சொன்னாங்க. எங்க ஊர்க் குளிருக்கு நாங்க போடறது குரங்குக் குல்லாதான்னு சொல்லிப் பார்த்தேன். தலைப்பாகைதான் வந்தது.

மார்க் ஷீட்டைக் கையில் குடுத்தப்பவே நான் எழுந்து வந்திருக்கணும். இதோ அந்த நூறு மார்க்கு:

வடிவமைப்பு 25. வண்ணச் சேர்க்கை 25. மாற்றம் 25. புல்வெளி, பராமரிப்பு 15. புதுமை 10.

ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாருங்க. மண் எங்கே இருக்கு? தண்ணி எங்கே? செடி அடுத்த வருஷம் உயிரோட இருக்குமா என்ற கேள்வி எங்கே? "மாற்றம்" என்பதற்கே கால் பங்கு மார்க்கு. அதாவது ஏற்கெனவே நல்லா இருக்கிற தோட்டத்துக்கு 25 மார்க் ஆரம்பத்துலயே போச்சு. நல்லா வச்சிருந்தது குற்றம். அசிங்கமா போட்டு வச்சிருந்தவன் புத்திசாலி!

மூணு தோட்டத்தையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, ரிட்டயர்ட் டீச்சரம்மா வீடு. முப்பது வருஷமா ரோஜாவும் டேலியாவும் வளர்க்கிறாங்க. ஒவ்வொரு செடிக்கும் ஜாதகம் சொல்லுவாங்க. மூணு நாள் போட்டிக்காக இரண்டு பாத்தியைத் திருத்தினாங்க, ஒரு நடைபாதை போட்டாங்க. அவ்வளவுதான். செய்ய வேற என்ன இருக்கு?

ரெண்டாவது, பெங்களூரில் ஐடி வேலை செய்யற ஒரு தம்பதி. இங்கே மலைச்சரிவில் வீடு வாங்கி, மாசத்துல பத்து நாள் வந்து இருக்காங்க. ரொம்ப நல்ல பிள்ளைங்க, இதை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்குப் பின்னாடி சரிவு. அதுல பழைய கல் வரப்பு மூணு அடுக்கு, இடையில நம்ம மலைப்புல்லு, கொஞ்சம் தவிட்டுப்பழச் செடி. யாரோ அந்தக் காலத்து ஆள் உருளைக்கிழங்குக்காகக் கட்டின வரப்பு. டிவிக்காரங்க டிசைனர் வந்து பார்த்துட்டு "லெவல் பண்ணிடலாம்"ன்னார். ஜேசிபி ஓட்ட இந்த மாவட்டத்துல அனுமதி வாங்கணும். அதனால ஆள் வச்சே வெட்டினாங்க. வரப்பைப் பிரிச்சு, மேட்டை வெட்டி, பள்ளத்துல கொட்டி, முன்பக்கம் அதே கல்லை அழகா அடுக்கி சிமென்ட் பூசி, மேல சுருட்டிக் கொண்டு வந்த புல்லுப் பாயை விரிச்சாங்க. நடுவுல ஒரு நீரூற்று, வெள்ளைக் கூழாங்கல், சோலார் விளக்கு. தொட்டியோட கொண்டு வந்து புதைச்ச பெட்டூனியா, சால்வியா. ராத்திரி விளக்குப் போட்டப்ப நிஜமாவே கண்ணைப் பறிச்சுது. பொய் சொல்ல மாட்டேன்.

மூணாவது ஒரு அக்கா. நடுவட்டம் போற ரோட்டுக்குக் கீழ இருக்காங்க, தேயிலை பறிக்கப் போறவங்க. வீட்டைச் சுத்தி நாலு சென்ட் இருந்தா அதிகம், அதுவும் சரிவு. கல்லும் மண்ணும் வச்சு இடுப்புயரத்துக்குப் படிப்படியா மட்டம் அடிச்சிருக்காங்க. ஒவ்வொரு மட்டத்துக்கும் உள்பக்கம் ஒரு சாண் வாய்க்கால், எல்லாம் ஓரமா ஒரே இடத்துல சேர்ந்து ஒரு குழியில விழும். குழி நிறைஞ்சா மட்டும் ஓடைக்குப் போகும். மட்டத்துல பட்டாணி, அவரை, பூண்டு, நாலு வகைக் கீரை. விளிம்பு பூராவும் மண் பிடிக்கிற புல்லு. பெயின்ட் டப்பாவில ஜெரேனியம், கூரை ஓரத்துல ஃபுஷியா தொங்குது. காட்டெருமை வர்ற பக்கத்துல முள்ளு வேலி. போட்டிக்காக அந்த அக்கா செஞ்ச "மாற்றம்" என்னன்னு கேட்டா, சமையல்கட்டுத் தண்ணி போற வழியில கல்லும் மணலும் போட்டு வடிகட்டி, கல்வாழை நட்டு, அதைக் கீரைப் பாத்திக்குத் திருப்பினாங்க. மூணு நாள்ல. கூட யாரும் இல்லாம.

கேமராமேன் என்கிட்ட ரகசியமா கேட்டார்: "சார், இதுல எதை எடுக்கறது?"

மார்க் வந்த விதத்தைச் சொல்றேன். அக்காவுக்கு நான் 84 போட்டேன். மத்த ரெண்டு பேரும் 51, 55. சராசரி 63. ஐடி தம்பதிக்கு அவங்க 91, 92. நான் 60. சராசரி 81. டீச்சரம்மா நடுவுல, 75. கோப்பை யாருக்குன்னு சொல்ல வேண்டியதில்லை. நான் ஷீட்டுல கையெழுத்துப் போட்டேன். சிரிச்சுக்கிட்டே கைதட்டினேன். அதைத்தான் நீங்க டிவியில பார்த்தீங்க.

நீங்க பார்க்காதது ஒண்ணு இருக்கு. அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னுச்சு. தண்ணி கசிஞ்சு வெளியேற அதுல ஒரு ஓட்டை கூட இல்லை. சின்ன மேஸ்திரி கூட அதை விட மாட்டான். டிசைனரைத் தனியா கூப்பிட்டு, "மழைத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"ட்ரெய்ன் பைப் போட்டிருக்கோம் சார்."

"பைப் எங்க போய் முடியுது?"

"அது எபிசோட்ல வராது சார்."

இதை நான் கேமரா முன்னாடி கேட்டிருக்கணும். கேட்கலை. தலைப்பாகை கட்டினவன் வாயையும் கட்டிக்கிட்டான்.

ஏப்ரல்ல ஷூட்டிங், மே மாசம் ஒளிபரப்பு. ஜூலையில தென்மேற்குப் பருவமழை பைக்காராவுல எப்படிப் பெய்யும்னு இங்கே வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். குடை பிடிச்சா குடை மட்டும்தான் நனையாது. நாலாவது நாள் ராத்திரி அந்தச் சுவர் சரிஞ்சுது. கொட்டி நிரப்பின மண்ணு பூராவும் தண்ணி குடிச்சு, புல்லுப் பாயோட, நீரூற்றோட, சோலார் விளக்கோட வழுக்கிக் கீழே போச்சு. நடைபாதை மூடிப்போச்சு. கீழ்ப்பக்கம் ஒருத்தரோட பூண்டுத் தோட்டத்துல பாதி போச்சு. ஓடை அடைச்சுக்கிட்டு, தண்ணி வேற பக்கம் திரும்பி ரோட்டுக்கு வந்துச்சு. ஆள் யாருக்கும் எதுவும் ஆகலை. ராத்திரி நேரம், நடைபாதையில யாரும் வரலை. அது எங்க அதிர்ஷ்டம். நடுவர்களோட புண்ணியம் இல்லை.

அந்தத் தம்பதி மேல நான் குறை சொல்ல மாட்டேன். பூண்டுக்காரருக்கு நஷ்டத்தை அவங்களேதான் குடுத்தாங்க. மண் அள்ளறப்ப கூடவே நின்னாங்க. "அங்கிள், நீங்க 60 போட்டப்பவே காரணம் கேட்டிருக்கணும்" என்று அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்குத்தான் தரையைப் பார்க்கத் தோணுச்சு. அவங்க கேட்டிருக்கணும் என்பது இல்லை. நான் சொல்லியிருக்கணும். பரிசு குடுத்தவன்தான் பொறுப்பு.

இப்ப என் வழக்கு இதுதான்: ஒரே ஒரு நாள், அதுவும் நல்ல வெயில் நாள், பார்த்து மார்க் போடற எந்தத் தோட்டப் போட்டியும் தோட்டத்துக்கு மார்க் போடறதில்லை. போட்டோவுக்குத்தான் போடுது. சமதரையில அது வெறும் வேடிக்கை. மலையில அது ஆபத்து.

"டிவிதானே, பொழுதுபோக்குதானே" என்று நீங்க சொல்லலாம். சரி, டிவியை விடுங்க. இந்த ஊரே ஒரு தோட்டப் போட்டி ஊரு. உதகையில மலர்க் கண்காட்சி ஆரம்பிச்சது 1896ல். 2024ல் 126ஆவது நடந்தது. கண்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டம், நிறுவனத் தோட்டம் என்று பிரிச்சு நடுவர்கள் வந்து பார்த்து, சுழற்கோப்பை குடுக்கறது இங்கே ரொம்ப நாள் வழக்கம். சின்ன வயசுல இருந்து பார்க்கறேன், மார்ச் பிறந்தா போதும், நர்சரியில தொட்டி கிடைக்காது. போட்டியில கலந்துக்கறவங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லலை. உறைபனியில இருந்து நாத்தைக் காப்பாத்தி ஏப்ரல்ல பூக்க வைக்கறது லேசான வேலை கிடையாது. ஆனா எல்லாப் போட்டியும் ஒரே பருவத்தைப் பார்த்தா, எல்லாரும் அந்த ஒரு பருவத்துக்காகத்தான் தோட்டம் போடுவாங்க. மழையும் பனியும் யாருக்கும் ஞாபகம் வராது.

கோடை விழாவுல கோத்தகிரி நேரு பூங்காவுல காய்கறிக் கண்காட்சியும் நடக்குது. நல்ல விஷயம்தான். ஆனா அங்கே கேரட்டைப் பார்க்க யாரும் வரலை. கேரட்டால செஞ்ச ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கத்தான் வர்றாங்க. காய்கறி கூட இங்கே மிருகமா மாறினாத்தான் போட்டோவுக்கு ஆகும்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். நீங்க உதகையில் டிக்கெட் வாங்கி உள்ளே போற அரசு தாவரவியல் பூங்கா, கிட்டத்தட்ட 22 ஹெக்டேர், அது எதுல இருந்து ஆரம்பிச்சது தெரியுமா? காய்கறித் தோட்டத்துல இருந்து. 1840களில் இங்கே இருந்த வெள்ளைக்காரங்க ஆளுக்கு மாசம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்குக் காய் கிடைக்கணும்னு ஒரு தோட்டம் வச்சாங்க. அது சரியா நடக்கலை. அப்புறம்தான் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி எடுத்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848ல் வந்து, சதுப்பும் சரிவுமா கிடந்த இடத்தை வருஷக்கணக்கில் திருத்தி, பூங்காவா ஆக்கினார். அவர் முதல்ல பார்த்தது பூவை இல்லை. தண்ணியை எங்கே வடிக்கறது, சரிவுல மண்ணை எப்படி நிறுத்தறது என்பதைத்தான். அந்த அடுக்கு மட்டங்கள் இன்னிக்கும் நிக்குது. மெக்ஐவருக்கு மூணு நாள் குடுத்து "மாற்றம் 25" என்று மார்க் போட்டிருந்தா அவர் ஃபெயில்.

இங்கிலாந்துக்காரன்கிட்டதான் இந்தப் போட்டிப் பைத்தியம் ஆரம்பிச்சது. அவங்க டிவியிலயும் இதே கூத்து நடந்திருக்கு. 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' என்று பிபிசியில 1997லிருந்து 2005 வரை ஓடிச்சு. வீட்டுக்காரர் ரெண்டு நாள் வெளியூர் போயிட்டு வர்றதுக்குள்ள தோட்டத்தையே மாத்தி வைப்பாங்க. நம்ம ஊர் மேக்ஓவர் நிகழ்ச்சிக்கெல்லாம் தாத்தா மாதிரி. ஆனா அவங்க அங்கேயே நிக்கலை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2015ல் பிபிசியே அமெச்சூர் ஆளுங்களுக்கு ஒரு போட்டி வச்சுது. பரிசு, செல்சி மலர்க் கண்காட்சியில ஒரு தோட்டம் போடற வாய்ப்பு. ஜெயிச்ச ஷான் மர்ரே செல்சியில போட்டது வீட்டு முன்வாசல் தோட்டம். கார் நிறுத்தறதுக்காக முன்வாசலையெல்லாம் சிமென்ட் போட்டு மூடற பழக்கம் அங்கேயும் பெருசு. மூடாதீங்க, செடி வைங்க என்பதுதான் அந்தத் தோட்டத்தோட பேச்சு.

செல்சியில மார்க் போடற முறையிலயும் ஒரு நல்ல பழக்கம் இருக்கு. தோட்டம் போடறவர் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்: இது யாருக்காக, எதுக்காக, என்ன செய்யப் போறேன். நடுவர் அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பார்ப்பார். சொன்னதைச் செஞ்சியா, கட்டுமானம் ஒழுங்கா, செடி அந்த இடத்துக்குப் பொருந்துமா. தன் ரசனையை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2022ல் அங்கே தங்கப் பதக்கமும் சிறந்த தோட்டம் என்ற பட்டமும் வாங்கினது எது தெரியுமா? நீர்நாய் மாதிரி இருக்கிற பீவர் என்ற பிராணி ஓடையில குச்சி அடுக்கி அணை கட்டுமே, அந்த அணையும், அந்த ஊர்க் காட்டுச் செடிகளும். பார்த்தா கவனிப்பாரில்லாத ஓடை ஓரம் மாதிரி இருக்கும். அங்கேயும் பெரிய சண்டை நடந்துச்சு, இதெல்லாம் தோட்டமான்னு. நடக்கட்டும். சண்டையாவது நடந்துச்சே. செல்சியும் ஒரு வாரத்துல பிரிச்சு எடுத்துட்டுப் போற தோட்டம்தான், அதை நான் கோயிலாக் கும்பிடலை. ஆனா நமக்குப் போட்டியைச் சொல்லிக் குடுத்தவனே கேள்வித்தாளை மாத்திட்டான். நாம இன்னும் பழைய கேள்வித்தாளுக்கு விடை எழுதிக்கிட்டிருக்கோம்.

அழகுக்கு மட்டும் மார்க் போட்டா என்ன ஆகும்? இதுக்கு நீலகிரியை விட நல்ல சாட்சி கிடையாது. உண்ணிச்செடி இருக்கே, லேன்டானா, அது இந்தியாவுக்கு வந்தது அழகுச் செடியா. 1800களின் ஆரம்பத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துல வச்சாங்க. இப்ப முதுமலைக் காட்டுல மான் மேய இடமில்லை. ஆகாயத்தாமரையும் பூவுக்காக வந்ததுதான், இப்ப உங்க ஊர் ஏரியை மூடிக் கிடக்குது. இங்கே மஞ்சளா பூக்கற ஸ்காட்ச் ப்ரூம், ஆரஞ்சுப் பூ செஸ்ட்ரம், ஓடை ஓரமெல்லாம் வெள்ளையா நிக்கிற காலா லில்லி, எல்லாம் யாரோ ஒருத்தர் தோட்டத்துல "ஆஹா" வாங்கினவைதான். வேலி தாண்டிப் போச்சு, திரும்பி வரலை. செடி மட்டும் இல்லை. உருளைக்கிழங்கு வேரைத் தின்கிற முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவுலயே முதல்ல கண்டுபிடிச்சது 1961ல், இதே நீலகிரியில. கிழங்கோடும் மண்ணோடும் பயணம் போற பூச்சி அது. போட்டிக்கு நாலு நாள் முன்னாடி லாரியில தொட்டித் தொட்டியா மண்ணோட வெளியூர்ச் செடி வந்து இறங்கறப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வருது.

தமிழ்நாடு அரசு 2022ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. காட்டுக்குள்ள சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் பிடுங்க அரசாங்கம் செலவு பண்ணுது. காட்டுக்கு வெளியே, புதுசா எது அடுத்த உண்ணிச்செடியாகப் போகுதோ அதுக்கு நாம கோப்பை குடுக்கறோம்.

நம்ம புல்வெளியைப் பத்தியும் ஒரு வார்த்தை. உதகையிலிருந்து கூடலூர் போற ரோட்டுல ஷூட்டிங் மட்டத்துல இறங்கி நீங்க எல்லாரும் போட்டோ எடுப்பீங்க. அந்த மலைப்புல்லும், மடிப்பு மடிப்பா இருக்கிற சோலையும் சேர்ந்துதான் எங்க தண்ணித் தொட்டி. மழையை வாங்கி வச்சுக்கிட்டு, கோடையில மெல்ல மெல்ல விடும். பைக்காரா ஆறு முக்குருத்திப் பக்கம் அப்படிப்பட்ட புல்லுல இருந்துதான் பிறக்குது. 1932ல் இங்கிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க தாத்தா அந்த வேலைக்கு மலையேறி வந்தவர், அதனாலதான் நான் இங்கே இருக்கேன். அந்தத் தண்ணி கீழே மோயாறாப் போய், பவானிசாகர்ல சேர்ந்து, ஈரோட்டு வயலுக்குப் போகுது. ஆக எங்க சரிவுல ஒரு சுவர் சரிஞ்சா, சேறு எங்க ஓடையோட நிக்காது. நீங்க சோறா சாப்பிடற இடம் வரைக்கும் அதுக்கு வழி இருக்கு.

மழை எவ்வளவு பெய்யும்னு இன்னும் சந்தேகமா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல பெஞ்சுது. சென்னையில வருஷம் பூராவும் பெய்யறதுல பாதிக்கு மேல. 2009 நவம்பர் மண்சரிவுல இந்த மாவட்டத்துல நாற்பது பேருக்கு மேல செத்தாங்க. அந்த நவம்பரைப் பார்த்தவங்க யாரும் "லெவல் பண்ணிடலாம்" என்ற வார்த்தையை லேசா எடுத்துக்க மாட்டாங்க.

இந்த இடத்துல என் மேலயும் ஒரு கல்லு எறிஞ்சுக்கணும். "ஓய் விவசாயி, நீ மட்டும் யோக்கியமா?" என்று யாராவது கேட்டா, இல்லை. சரிவுல மேலிருந்து கீழா பாத்தி போட்டுக் கேரட் விதைக்கிறவன் எத்தனை பேர் இங்கே! தண்ணி தேங்கினா கிழங்கு அழுகும்னு நாங்களே மண்ணை ஓடைக்கு அனுப்பறோம். நானும் பத்து வருஷம் அப்படித்தான் செஞ்சேன். மருந்தும் அடிச்சேன். ஒரு மழையில என் மேல்மண் கண்ணு முன்னாடி போனப்பதான் குறுக்குப் பாத்திக்கு மாறினேன். அதனாலதான் சொல்றேன்: இது பணக்காரன், ஏழை சண்டை இல்லை. ஊர்க்காரன், வெளியூர்க்காரன் சண்டையும் இல்லை. சரிவுல வாழறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு அந்த அக்காவுக்குத் தெரியும், மார்க் ஷீட்டுக்குத் தெரியலை.

அழகு வேண்டாமா என்றால், வேணும். பூ இல்லாத வீடு எங்க பக்கம் கிடையாது. மண்ணெண்ணெய் டப்பாவில ஜெரேனியம் வச்ச என் அம்மாவை விட அழகு தெரிஞ்ச ஆள் யாரும் இல்லை. அழகுக்கு மார்க் போடாதேன்னு நான் சொல்லலை. அழகுக்கு மட்டும் போடாதேங்கிறேன்.

அடுத்த தடவை யாராவது மலையில தோட்டப் போட்டி நடத்தினா, டிவியோ, சங்கமோ, ரிசார்ட்டோ, யாரா இருந்தாலும் சரி, என் கோரிக்கை அஞ்சு:

ஒண்ணு, ரெண்டு தடவை வாங்க. ஏப்ரல்ல ஒரு தடவை, ஆகஸ்ட்ல ஒரு தடவை. ரெண்டு மார்க்கையும் கூட்டித்தான் பரிசு. ரெயின்கோட் நான் தர்றேன்.

ரெண்டு, "தண்ணி எங்கிருந்து வருது, எங்கே போகுது?" என்ற கேள்விக்கு இருபது மார்க். பைப் எங்கே முடியுதுன்னு எபிசோட்ல காட்டணும்.

மூணு, "மாற்றம்" என்ற தலைப்பை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா "ஏற்கெனவே இருந்ததுல எதைக் காப்பாத்தினே?" என்று கேளுங்க. பழைய வரப்பு, பழைய மரம், மலைப்புல்லு. அதுக்கு மார்க். வேலி தாண்டி ஓடும்னு தெரிஞ்ச செடியை வச்சா மார்க் கழியும்.

நாலு, கீரைப் பாத்தியும் தோட்டம்தான். தனி மூலையில "ஆறுதல் பரிசு" வேண்டாம். ரோஜாவோட சரிசமமா நிக்கட்டும்.

அஞ்சு, வேலை செஞ்சவங்க பேரைப் போடுங்க. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தச் சரிவை வெட்டினது மூணு ஆம்பளை ஆளும் ரெண்டு பொம்பளை ஆளும். மூணு நாளும் "ஃப்ரேம்ல வராதீங்க, ஃப்ரேம்ல வராதீங்க" என்று அவங்களை விரட்டிக்கிட்டே இருந்தாங்க. அதுல ஒரு பெரியவர் முதல் நாளே, "இந்த வரப்பைப் பிரிச்சா மண்ணு நிக்காதுங்க" என்று சொன்னார். மூணு நடுவர் சேர்ந்து செய்யாத வேலையை அவர் ஒரு வரியில செஞ்சிட்டார். மைக் அவர்கிட்ட இல்லை.

நகரத்து நண்பர்களுக்கு ஒண்ணு. நீங்க வர்றதை நான் வேண்டாம்னு சொல்லலை. நீங்க வந்தாத்தான் எங்க பஜ்ஜிக் கடை ஓடும், என் பூண்டும் விக்கும். ஆனா ரூம் புக் பண்றப்ப பச்சைப் பசேல்னு சமமா விரிச்ச புல்லைப் பார்த்து ஹார்ட் போடறீங்களே, அதுவும் ஒரு மார்க்குதான். நீங்களும் நடுவர்தான். மலைச்சரிவுல அவ்வளவு சமமான இடம் எப்படி வந்துச்சு, எதை வெட்டி எதுல கொட்டினாங்க என்று ஒரு போன் போட்டுக் கேளுங்க. கேட்கறவங்க பத்துப் பேர் ஆனா, கட்டறவன் யோசிப்பான்.

போன வாரம் அந்த அக்கா வீட்டுப் பக்கம் போனேன். மழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. ஒரு மட்டம் கூட அசையலை. குழியில சேர்ந்த வண்டல் மண்ணை வாளியில அள்ளி மேல் மட்டத்துக்குக் கொண்டு போய்க்கிட்டிருந்தாங்க. கீழே போன மண்ணு திரும்ப மேலே. "எனக்கு 63 போட்டீங்களே தம்பி" என்று சிரிச்சாங்க. நான் 84 போட்டேன்க்கா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கிட்டேன். ஷீட்டுல என் கையெழுத்தும்தான் இருக்கு.

இன்னொரு வாளி இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்.